கல்லுக்குள் இருக்கும் புள்ளியைப் படம் பிடித்தது

என் எழுத்து நேராகப் போகாது. முதலிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். ஒற்றெழுத்து எங்கே வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் சந்தேகம்தான். மறதி வேறு. பெயர்கள் பாதி மறந்துவிட்டன, மறக்காத பெயர்களை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதனால் யார் பெயரும் இதில் இல்லை. ஆனால் ஒரு கேமராவை எப்படிப் பொறுக்கி எடுத்தோம் என்பது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். சிதம்பரத்தில் கீழ வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் என் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். முன்பக்கம் ஸ்டுடியோ, பின்பக்கம் நாங்கள் குடியிருந்தோம். படம் எடுப்பது அவர், டச்சிங் செய்வது நான். நெகட்டிவை ஒரு சாய்ந்த கண்ணாடி மேல் வைத்து, அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தை மேலே அனுப்பி, ஊசி மாதிரி சீவின பென்சிலால் அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பு எல்லாவற்றையும் சரிசெய்வேன். கருப்பாக ஏதாவது துருத்திக்கொண்டிருந்தால் பிளேடு முனையால் சுரண்டி எடுப்பேன். பரீட்சைக்குப் படம் எடுக்க வரும் பல்கலைக்கழகத்துப் பையன்கள் முகமெல்லாம் எனக்குத் தெரியும், அவர்களுக்கு என்னைத் தெரியாது. முன்பக்கம் ஆள் இருந்தால் நான் அந்தப் பக்கம் தலை காட்டவே மாட்டேன். சுபாவமே அப்படி.

ஒருநாள் காலையில் பின்வாசல் வழியாக ஓர் அம்மா வந்தார்கள். வெள்ளைத் துப்பட்டி போர்த்தி முகம் மட்டும் தெரிந்தது. நாற்பது வயது இருக்கும். லால்பேட்டையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்ததாகவும், அங்கே ஒரு நர்ஸ் என்னைப் பற்றிச் சொன்னதாகவும் சொன்னார்கள்.

"மூஞ்சில இருக்கிற வடுவெல்லாம் இல்லாம பண்றவங்க நீங்கதானா?"

"ஆமாங்க."

"எனக்கு அது வேணாம் தங்கச்சி. இருக்கிறது அப்படியே வுழுவணும். அதுக்கு வழி இருக்குதா?"

மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்கள். இரண்டு கல். ஒன்று நீலம், மொச்சைக் கொட்டை அளவு. இன்னொன்று சிவப்புக் கெம்பு, அதில் பாதி இருக்கும். அவர்களுடைய அப்பா, அத்தா என்றுதான் சொன்னார்கள், கொழும்பில் கல் வியாபாரம் செய்தவராம். மகளுக்கென்று கொடுத்துவிட்டுப் போனது மூன்று கல். மூன்றாவது ஒரு வைடூரியம். அதைப் பற்றித்தான் பேச்சு.

அவர்களுடைய அக்காவின் வீட்டுக்காரர் வருசத்துக்கு இரண்டு தடவை பம்பாய்க்குப் போய்க் கல் விற்றுக்கொண்டு வருபவர். அவரை மச்சான் என்று சொன்னார்கள். போன வருசம் அந்த வைடூரியத்தை அவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். விலை படியவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

"வந்த கல்லு என் கல்லு இல்ல" என்றார்கள்.

"நீங்க கேக்கலியா?"

"அக்கா மாப்பிள்ளைய என்னா ருசுவோட கேக்குறது? நான் வாயத் தொறந்தா எங்க அக்கா அப்புறம் என் வூட்டு வாசப்படி மிதிக்குமா? அவுங்க மாத்தியிருக்க மாட்டாங்க தங்கச்சி. அது எனக்குத் தெரியும். ஆனா கல்லு மாறிப்போச்சு. அதுவும் தெரியும்."

இப்போது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்களுடைய வீட்டுக்காரர் பினாங்கில். அனுப்புவது போதவில்லை. நோன்பு பிறப்பதற்கு முன்னால் மச்சான் பம்பாய் போகிறார். இந்த இரண்டு கல்லையும் கொடுத்தாக வேண்டும். நீலத்துக்குள் மூன்று புள்ளி இருக்கிறது, அடுப்புக் கூட்டின மாதிரி. கெம்புக்குள் ஒரு நூல் போல வெடிப்பு. அத்தா சின்ன வயதிலேயே காட்டிக் கொடுத்த அடையாளம். அந்தப் புள்ளியும் நூலும் தெரிகிற மாதிரி படம் வேண்டும். போன கல்தான் திரும்பி வந்ததா என்று படத்தை வைத்துச் சொல்லலாம் அல்லவா?

"ஆனா கல்லு வூட்ட வுட்டு வராது. இன்னைக்குக் கொண்டாந்ததே தப்பு. எங்க வூட்டு உள்கட்டுக்கு ஆம்பளையும் வர முடியாது. நீங்க வந்து எடுத்துக் குடுங்க."

நான் அதுவரைக்கும் ஒரு படம்கூட எடுத்தவள் இல்லை. "பாக்குறேங்க" என்றேன். முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்த வார்த்தை அதுதான். அந்த அம்மா அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். என் கையைப் பிடித்து, "அல்லா உங்களுக்கு நல்ல ஹயாத்தக் குடுப்பான்" என்று ஆயுசுக்கு வாழ்த்திவிட்டுப் பொட்டலத்தை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிடித்த கை வெகுநேரம் சூடாக இருந்தது. அப்போதுதான் முடிவு செய்தேன், செய்துவிடுவது என்று.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன். சோற்றுக் கையோடு சிரித்தார்.

"கல்லப் படம் எடுத்து இன்னா பண்ணப் போறாங்க? மாப்ள வூட்டுக்கு அனுப்பி சம்மந்தம் பேசவா?"

"நான் ஒத்துக்கிட்டேங்க."

"நீயா? கடைக்கு ஆளு வந்தா பூனையாட்டம் ஓடுவ. லால்பேட்டைக்குப் போயி படம் எடுப்பியா?"

"சொல்லிக் குடுத்தா எடுப்பேன்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "மோரு ஊத்து" என்றார். அது சரி என்கிற அர்த்தம்.

முதலில் எங்களிடம் இருப்பதை வைத்துப் பார்த்தோம். என் தோட்டில் சிவப்புக் கல் உண்டு. ஒற்றைத் தோட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தோம். ஸ்டுடியோவில் இரட்டைக் கண் கேமரா ஒன்று இருந்தது. மேல் கண்ணில் பார்ப்பது, கீழ்க் கண்ணில் எடுப்பது. கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடி ஒன்றை முன்னால் மாட்டி, மேலே தோடு நடுவில் நிற்கிறதைப் பார்த்துக்கொண்டு எடுத்தோம். கழுவிப் பார்த்தால் படத்தின் ஓரத்தில் அரைத் தோடு, மீதியெல்லாம் மேசை. ஆளை எடுக்கும்போது இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளி தெரியாது. கல்லை எடுக்கப் போனால் அந்த இரண்டு அங்குலம் ஒரு ஊர் தள்ளிப் போனதற்குச் சமம்.

அடுத்து, மரத்தில் செய்த பெரிய பிளேட் கேமரா, ஃபிலிமுக்குப் பதில் மருந்து பூசின கண்ணாடி போடுவது. மடிப்பு மடிப்பான துருத்தியை முழுக்க இழுத்தால் தோடு பெரிதாகவே விழுந்தது. ஆனால் கல் கரிக்கட்டை மாதிரி கருப்பு.

"இந்த பிளேட்டுக்கு செவப்பு தெரியாதுடி. செவப்புன்னா அதுக்கு இருட்டு. அதனாலதான இருட்டு ரூம்ல செவப்பு விளக்கு போட்டுக் கழுவுறோம்" என்றார்.

இத்தனை வருசமாக அந்தச் சிவப்பு விளக்கடியில் நின்றவள் நான். அது ஏன் சிவப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எல்லா நிறத்தையும் பார்க்கிற ஃபிலிம் வேண்டும், அதை ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல் கழுவ வேண்டும். அதோடு அந்த மரக் கேமரா நின்ற ஸ்டாண்டு சக்கரம் வைத்த பீரோ மாதிரி. லால்பேட்டை பஸ்ஸில் ஏறாது. ஆக, நாங்கள் தேட வேண்டியது என்னவென்று விளங்கிவிட்டது: பார்க்கிற கண்ணும் எடுக்கிற கண்ணும் ஒன்றாக இருக்கிற கேமரா, கையில் தூக்கக்கூடியது, கல்லுக்குக் கிட்டே போகக்கூடியது.

அப்படி ஒன்று வாங்க வேண்டும் என்று அவருக்கே வெகுநாள் ஆசை, கல்யாணம் எடுக்க. கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில், கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்து இறங்கிய ஒருவர் பழைய கேமரா வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். கப்பல்காரர்கள் கொண்டுவரும் சாமானெல்லாம் அவரிடம் வரும். கடை என்று பலகை கிடையாது, வீட்டு முன்னறைதான். எங்களிடம் இருந்த இரட்டைக் கண் கேமராவைக் கொடுத்து மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. நானும் வருகிறேன் என்றேன். தோட்டைக் காகிதத்தில் மடித்தேன். பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பெண்ணிடம் ஒரு ஸ்கேல் வாங்கிக்கொண்டேன், ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்டிமீட்டரும் போட்டது. உள்ளே எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை நான் வேறு எப்படி அளப்பேன்?

அங்கே போனதும் என் வீட்டுக்காரர் கண் ஒரு நீள லென்ஸ் மேல் விழுந்துவிட்டது. முழங்கை நீளம். அதை அங்கிருந்த ஒற்றைக் கண் கேமராவில் மாட்டித் தெருக்கோடியில் நின்ற மாட்டைப் பார்த்தார்.

"யப்பா, மாட்டுக் கண்ணு எமை தெரியுதுய்யா."

"இத வச்சி கோயில் கோபுரத்து பொம்மைய ரோட்ல நின்னு எடுக்கலாம் சார்" என்றார், கல் சங்கதியைக் கேட்டிருந்த கடைக்காரர். "கல்லா பிரமாதம்?"

நான் சுவரோரம் நின்றிருந்தேன். கிட்டத்தில் இருக்கிற கல்லுக்குத் தூரத்தைப் பார்க்கிற கண்ணாடி எதற்கு? கேட்க வாய் வரவில்லை. பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, வாசல் வெளிச்சம் படுகிற ஸ்டூல் மேல் வைத்தேன். பக்கத்தில் தோடு.

"இன்னா அம்மா, ஸ்கூல் ஸ்கேலு? கணக்கு வாத்தியாரா நீங்க?"

"இதப் பாக்கணும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் சிரித்துக்கொண்டே, நீள லென்ஸைக் கழற்றிவிட்டு சாதாரண லென்ஸை மாட்டிக் கேமராவை என்னிடம் கொடுத்தார். உள்ளே ஸ்கேல் முழுவதும் தெரிந்தது, தோடு ஒரு மிளகு அளவு. அதன் முன்னால் ஒரு கிட்டப்பார்வைக் கண்ணாடியைத் திருகினார். தோடு பெரிதானது, ஆனால் ஓரத்தில் ஸ்கேல் கோடுகள் வாழைப்பழம் மாதிரி வளைந்தன. கோட்டை வளைக்கிற கண்ணாடி புள்ளியை என்ன செய்யும்? வேண்டாம் என்று தலையாட்டினேன்.

பிறகு ஒரு துருத்தி எடுத்தார், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுவது. அதை முழுக்க இழுத்தார். உள்ளே ஸ்கேலில் பன்னிரண்டு மில்லிமீட்டர் கோடுதான் தெரிந்தது, அத்தனை பெரிது. என் தோட்டுக் கல்லில் நான் பார்த்தே இராத கீறல் ஒன்று ஆறு மாதிரி ஓடியது. ஆனால் தெருவில் ஒரு மாட்டு வண்டி போனது, கல் உள்ளே குதித்தது. விரலால் ஸ்டூலைத் தொட்டாலும் குதித்தது. அதோடு எனக்கு ஒரு சந்தேகம். துருத்தியைக் கழற்றி வாங்கி, ஒரு பக்கத்தைக் கையால் மூடி, முந்தானையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு மறுபக்கம் கண்ணை வைத்து வெயிலைப் பார்த்தேன். மடிப்பு முனையில் ஒரு நட்சத்திரம் மின்னியது. ஓட்டை.

"ஓட்டை இருக்குதுங்க" என்றேன் முந்தானைக்குள்ளிருந்து.

"ஏன் சார், ஊமைன்னு நெனச்சேன். ஓட்டைய மட்டும் பேசுறாங்க."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். பரவாயில்லை.

கடைசியாக மூன்று வளையம் எடுத்தார். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் உலோக வளையம், ஒன்றுக்குள் ஒன்று திருகுவது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் துருத்தி செய்கிற வேலையை இது அசையாமல் செய்யும். மூன்றையும் மாட்டிப் பார்த்தால் முப்பத்தைந்து கோடு. கோடுகள் வளையவில்லை, வண்டி போனாலும் குதிக்கவில்லை. ஆனால் தோட்டுக் கீறல் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. துருத்தி காட்டுகிறது ஆனால் நிற்காது, வளையம் நிற்கிறது ஆனால் காட்டாது.

"இன்னும் கிட்ட போவணும்" என்றேன்.

கடைக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கிண்டல் போய்விட்டது. லென்ஸைக் கழற்றி, முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, வளையத்தின் மேல் கையாலேயே பிடித்துக்கொண்டு, "இப்ப பாருங்க" என்றார்.

இருபது கோடு. கீறல் தெரிந்தது, மயிரிழையாக, ஆனால் சுத்தமாக.

"கையில புடிச்சிக்கிட்டே இருக்க முடியாதே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"லேத் பட்டறையில சொன்னா ஒரு வளையம் கடஞ்சி குடுப்பான். ரெண்டு பக்கமும் மரை. மீன் புடிக்கிற போட்டு இஞ்சினுக்கே கடையிறவன், இது ஒரு வேலையா?"

என் வீட்டுக்காரர் கை இன்னும் அந்த நீள லென்ஸ் மேல்தான் இருந்தது. "அப்ப இதையும்..." என்று ஆரம்பித்தார்.

"அது வேணாங்க" என்றேன். நானே பயந்துபோகிற அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. அவர் லென்ஸை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "எசமானியம்மா சொல்லிட்டாங்க" என்றார். கோபமில்லை. சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து, கடைந்த வளையத்தோடு பஸ் ஏறினோம்.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் என் தோடுதான் எனக்குப் பள்ளிக்கூடம். கேமரா கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும், ஆடக் கூடாது. அதற்கு என்லார்ஜரின் தலையைக் கழற்றிவிட்டு அந்தத் தூணில் கேமராவை மாட்டினேன். "பிரிண்டு எதுல போடுறது, உன் தலையிலயா?" என்று அவர் கத்தினார். ஆனால் தானே திருப்புளி கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். கல்லின் முன்பக்கம் தெளிந்தால் பின்பக்கம் மங்கும், லென்ஸின் கண்ணைச் சுருக்கினால் இரண்டும் தெளியும், சுருக்கினால் வெளிச்சம் குறையும், குறைந்தால் அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் அடுப்படியில் நின்று மனப்பாடம் செய்தேன். விரல் படாமல் எடுக்க ஒரு கம்பி வயர் கொடுத்தார். எட்டு வரைக்கும் ஒரே தாளத்தில் எண்ணப் பழகினேன்.

தூணையும் கேமராவையும் தூக்கிக்கொண்டு லால்பேட்டை போனபோது அந்த வீட்டு உள்கட்டில் நாலைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். முற்றத்து வெளிச்சம் நன்றாக இருந்தது.

"கேமராக்காரம்மா, எங்களையும் ஒண்ணு எடுங்களேன்."

"உன்ன எடுத்தா கேமரா வெடிச்சிரும்டி. கல்லு பேசாம இருக்கும், நீ இருப்பியா?"

சிரிப்புக்கு நடுவில் வெள்ளைக் காகிதத்தில் கல்லை வைத்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து கும்மிருட்டில் ஃபிலிமைக் கழுவினேன். உலர்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்தேன். கல் விழுந்திருந்தது! பட்டை பட்டையாக அழகாக விழுந்திருந்தது.

ஆனால் தூசி. கல் மேல் பஞ்சும் புள்ளியுமாக ஏகப்பட்ட தூசி. அவ்வளவு கிட்டத்தில் துடைத்த கல்லும் குப்பை மேடாகத்தான் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நெகட்டிவ் என் மேசைக்கு வந்தால் என் கை என்ன செய்யும்? எடுத்தேன் பிளேடை. பூதக்கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அத்தனை சின்ன ஃபிலிமில், ஒவ்வொரு தூசியாகச் சுரண்டினேன். இரண்டு நாள். கல்யாணப் பெண் முகம் மாதிரி துடைத்து வைத்தேன். என் கைவேலையிலேயே அதுதான் உசத்தி என்று நினைத்தேன். பிரிண்டு போட்டுப் புதன்கிழமை நானே லால்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்கள். அத்தாவுடைய பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள்.

"ரொம்ப அழகா இருக்குது தங்கச்சி. ஆனா இது என் கல்லு இல்லியே."

"உங்க கல்லுதாங்க. நான்தான எடுத்தேன்?"

"அந்த மூணு புள்ளி எங்க?"

தூசி என்று நினைத்து எதைச் சுரண்டினேன் என்று அப்போதுதான் தெரிந்தது. எல்லா நெகட்டிவிலும் ஒன்றுவிடாமல் சுரண்டியிருந்தேன். நூல் வெடிப்பைக்கூடப் பஞ்சு என்று நினைத்துவிட்டேன். மச்சான் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார். மூன்று நாள் இருந்தது.

உள்ளதைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா திட்டவில்லை. "தூசி எது, புள்ளி எதுன்னு எப்படித் தெரியும்? நீங்க என்ன செய்வீங்க" என்றவர்கள், சட்டென்று நிமிர்ந்து, "எங்க அத்தா எண்ணெயில போட்டுத்தான் பாப்பாங்க" என்றார்கள்.

"எண்ணெயிலயா?"

"தேங்கா எண்ணெயில. கல்லோட பளபளப்பு அடங்கிடும், உள்ள இருக்கிறது மட்டும் நிக்கும். தூசியும் கழுவிக்கிட்டுப் போயிரும்."

நாளைக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வீட்டில் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கல்லுக்கும் பவுடர் பூசிட்டியேடி!" அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் நான் என் டச்சிங் மேசையிலிருந்து அடிக்கண்ணாடியைக் கழற்றினேன். அதுதான் எனக்கு இனி வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை. அந்த வீட்டில் பினாங்கிலிருந்து வந்த ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது, அடி சமமாக. அதை இரண்டு மரப்பலகைக்கு நடுவில் நிறுத்தி, கீழே என் கண்ணாடியைச் சாய்த்து முற்றத்து வெளிச்சத்தைக் கல்லுக்கு அடியிலிருந்து மேலே அனுப்பினேன். மெல்லிய துணியில் வடிகட்டின எண்ணெயை ஊற்றினோம். ஈர்க்குச்சியால் கல்லைத் தள்ளி, காற்றுக்குமிழ் எழும்பிப் போகிற வரைக்கும் காத்திருந்தேன். பிறகு கேமராவில் கண்ணை வைத்தேன்.

பட்டைகளெல்லாம் கரைந்துவிட்டன. நீலம் ஒரு துளி மை மாதிரி இருந்தது. அதன் நடுவில் மூன்று புள்ளி, அடுப்புக் கூட்டின மாதிரியே. நான் நகர்ந்து அந்த அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "இதுதான்" என்றார்கள்.

"ஊஞ்சல நிறுத்துங்கம்மா, கேமரா ஆடுது" என்று நான் சொல்ல, பெண்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, எட்டு எண்ணி எண்ணி நீலத்தை ஆறு படம் எடுத்தேன். கெம்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது திரைக்கு அந்தப் பக்கம் முன்கட்டில் ஆண் குரல்.

"என்னம்மா, கல்லு ரெடியா? இன்னைக்கே வாங்கி வச்சிக்கலாம்னு வந்தேன். உள்ள என்னா ஒரே கூட்டம்?"

மச்சான். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. படம் எடுக்கிறோம் என்றால், உங்களை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்? அவர் மறுபடியும், "என்னம்மா?" என்றார்.

நான் அந்நிய ஆம்பளையோடு பேசினவளே இல்லை. ஆனால் கெம்பு எண்ணெயில் கிடக்கிறது, வெளிச்சம் நகர்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் ஒரு படமும் எடுக்கவில்லை. "கல்லப் படம் எடுக்கிறோங்க" என்றேன். "உள்ள இருக்கிற புள்ளி தெரியிற மாதிரி. முடிஞ்சதும் தரோம்."

அந்தப் பக்கம் காலடிச் சத்தம் திரைக்குக் கிட்டே வந்தது.

"புள்ளி தெரியுமா படத்துல?"

"தெரியுங்க."

"அப்ப எனக்கும் ஒரு காப்பி போடுங்க." நாற்காலியில் உட்காருகிற சத்தம் கேட்டது. "பம்பாயில தரகன்கிட்ட காட்டக் குடுத்துட்டு வரேன். ரெண்டு நாள் கழிச்சித் திருப்பித் தரான். என் கண்ணு முந்தி மாதிரி இல்லம்மா. எது போச்சு, எது வந்துச்சுன்னு எனக்கே புரியல." பிறகு குரல் இறங்கியது. "அந்த வைடூரியத்துல எனக்கும் சந்தேகம்தான். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு வாயி வரல."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோள் குலுங்கியது. ஒரு வருசமாக இரண்டு பேரும் ஒரே விசயத்தை மென்று முழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். "டீ போடுங்கடி மச்சானுக்கு" என்றார்கள் கடைசியில். நான் கெம்பை எடுத்து முடித்தேன்.

இந்தத் தடவை நெகட்டிவை நான் மேசைப் பக்கமே கொண்டுபோகவில்லை. ஒரு பஞ்சு இழை எங்கோ ஒட்டியிருந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் பிரிண்டு போட்டார். கல் உள்ளங்கை அளவுக்கு வந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு செட் போய்ச் சேர்ந்தது.

மச்சான் நோன்புக்குள் திரும்பிவிட்டார். நடந்ததை அந்த அம்மா வந்து சொன்னார்கள். தரகர் நீலத்தை இரண்டு நாள் வைத்திருந்து, விலை கட்டவில்லை என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். மச்சான் அங்கேயே உட்கார்ந்து, ஒரு கிளாஸில் எண்ணெய் வாங்கிக் கல்லைப் போட்டு, பக்கத்தில் படத்தை வைத்து, அங்கிருந்த வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்தக் கல்லில் புள்ளியே இல்லை. தரகர் படத்தைப் பார்த்தாராம், கல்லைப் பார்த்தாராம், "பொட்டலம் மாறிடுச்சு" என்று உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தாராம். அதில் மூன்று புள்ளி இருந்தது. அதே வாரம் இன்னொருவரிடம் நல்ல விலைக்கு நீலத்தை விற்றுவிட்டார். கெம்பு விலை போகவில்லை, திரும்பி வந்துவிட்டது.

"பாத்துடலாமா?" என்று பொட்டலத்தை நீட்டினார்கள். என் சமையல்கட்டிலேயே ஒரு கிளாஸில் தேங்காய் எண்ணெயை ஊற்றிப் போட்டுப் பார்த்தோம். நூல் இருந்தது. அந்த நூலோடுதான் அந்தக் கெம்பு மகளுக்கு மோதிரமாகிப் போனது. கல்யாணத்துக்கு நான் போனேன், பெண்கள் பக்கம் உட்கார்ந்து பிரியாணி வாசனையோடு காய்கறிச் சாப்பாடு சாப்பிட்டேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் இரண்டு பேர் என்னைத் தேடி வந்து, தங்களிடமும் கல் இருக்கிறது என்றார்கள். "வரேங்க" என்றேன். பாக்குறேன் என்று சொல்லவில்லை.

இதை நினைவிலிருந்துதான் எழுதியிருக்கிறேன். தப்பிருக்கும். வளையத்தோடு லென்ஸைத் திருப்பி மாட்டினால் இருபது கோடு தெரிந்ததா, இருபத்திரண்டா என்று நிச்சயமில்லை. அந்தக் காலத்துக் கேமரா வைத்திருப்பவர்கள் யாராவது ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்துச் சொன்னால் திருத்திக்கொள்கிறேன். லால்பேட்டைக்காரர்கள் பேச்சையும் முறைப் பெயர்களையும் சரியாக எழுதியிருக்கிறேனா என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் படித்துப் பார்த்தால் நல்லது. கல் வியாபாரம் தெரிந்தவர்கள் இன்னொன்றும் பார்த்துச் சொல்ல வேண்டும்: நீலத்தையும் கெம்பையும் தேங்காய் எண்ணெயில் போட்டதால் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எல்லாக் கல்லுக்கும் அது ஆகுமா என்று எனக்குத் தெரியாது. யாராவது இதைப் படித்துவிட்டுப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் விசாரித்துத் திருத்திவிடுங்கள்.